கேட்ட கதை எப்போது விளையாட்டாகும்?

உங்கள் கேள்வி மேலோட்டமாக ஒரு பட்டியலைத்தான் கேட்கிறது. நாலு வயது மகளுக்குத் தினமும் படப் புத்தகம் வாசிக்கிறீர்கள், அவளும் ஆசையாகக் கேட்கிறாள், ஆனால் மூடிய உடனே "அடுத்தது" என்கிறாள். கதையில் வந்ததை வைத்து அவளாக எதுவும் விளையாடுவதில்லை. எனவே கற்பனை விளையாட்டைத் தூண்டும் புத்தகங்கள் எவை என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதற்குள் வேறொரு கேள்வி தெரிகிறது. கேட்ட கதை ஏன் விளையாட்டாக மாறவில்லை, குறை புத்தகத்திலா, குழந்தையிடமா, வாசிக்கிற விதத்திலா? இதற்குப் பதில் கிடைத்தால் புத்தகங்களை நீங்களே தேர்ந்தெடுத்துவிடலாம். மழலையர் வகுப்பில் நீண்ட காலம் ஆசிரியராக இருந்துவிட்டு, இப்போது அந்த வயதுக்காரர்களின் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறேன். ஆய்வுகளை வைத்துச் சொல்வது எது, வகுப்பில் பார்த்ததை வைத்துச் சொல்வது எது என்று அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் அந்த "அடுத்தது". 1966-இல் கொரின் ஹட் என்ற உளவியலாளர், 3 முதல் 5 வயதுக் குழந்தைகளிடம் ஒரு புதுப் பொருளைக் கொடுத்துப் பார்த்தார். நெம்புகோல் பொருத்திய ஒரு சிவப்புப் பெட்டி. நெம்புகோலை அசைத்தால் மணி அடிக்கும். பெட்டி புதிதாக இருந்தவரை குழந்தைகள் அதைக் கூர்ந்து பார்ப்பதும் தொடுவதும் அசைப்பதுமாக இருந்தார்கள். பழகிய பிறகுதான் அதை வைத்து விளையாட ஆரம்பித்தார்கள். புதுப் பொருளைப் பார்த்ததும் குழந்தைக்குள் எழும் கேள்வி "இது என்ன செய்யும்?"; பழகியபின் எழும் கேள்வி "இதை வைத்து நான் என்ன செய்யலாம்?" என்று ஹட் இரண்டையும் பிரித்தார். புத்தகமும் இப்படித்தான் என்பது என் அனுமானம். ஹட் புத்தகங்களை ஆராயவில்லை. ஆனால் வகுப்பில் திரும்பத் திரும்பக் கண்டது இது: தினம் ஒரு புதுப் புத்தகம் வரும் இடத்தில் குழந்தைகள் நன்றாகக் கேட்பார்கள், விளையாட மாட்டார்கள். ஒரே புத்தகம் வாரக்கணக்கில் அங்கேயே கிடந்தால், ஒரு நாள் யாராவது ஒரு குழந்தை மேசைக்கு அடியில் போய் "நான்தான் கரடி, இது என் குகை" என்று உட்கார்ந்துவிடும். அப்புறம் அது நாள்கணக்கில் ஓடும். கதை மனப்பாடமானால்தான் அதை மாற்றத் துணிச்சல் வரும். அடுத்து என்ன நடக்கும் என்று இன்னும் தெரியாத கதையில் குழந்தை பார்வையாளராகத்தான் இருக்க முடியும்.

ஆகவே உங்கள் வீட்டில் புத்தகம் குறைவு என்பது பிரச்சினையாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன். எண்ணிக்கையைக் குறைத்து, ஒன்றையே பல தடவை வாசித்துப் பாருங்கள். இதற்குப் பக்கத்தில் வரும் ஓர் ஆய்வும் உண்டு. 2011-இல் ஜெசிகா ஹார்ஸ்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 3 வயதுக் குழந்தைகளுக்குக் கதை வாசித்தார்கள். ஒரு குழுவுக்கு ஒரே கதைகள் மறுபடி மறுபடி. இன்னொரு குழுவுக்கு வெவ்வேறு கதைகள். புதுச் சொற்கள் காதில் விழுந்த தடவை இரு குழுவுக்கும் சமம்தான். ஆனால் ஒரே கதையைத் திரும்பக் கேட்டவர்களுக்கே அந்தச் சொற்கள் நன்றாகப் பதிந்தன. இது சொல் கற்பதைப் பற்றிய ஆய்வு, விளையாட்டைப் பற்றியது இல்லை. ஆனாலும் "அதே கதையா, போர் அடிக்காதா" என்று தயங்குகிற பெற்றோருக்கு இதைச் சொல்வேன். போர் அடிப்பது நமக்குத்தான்.

சரி, எப்படிப்பட்ட புத்தகம்? நான் முதலில் பார்ப்பது, குழந்தை செய்வதற்கு அது எதை மிச்சம் வைத்திருக்கிறது என்பதை. சாதாரணமாகக் கிடைக்கும் ஒரு பொருள் வேறொன்றாக மாறும் கதைகள் இதில் முதல் வகை. அன்டோனெட் போர்டிஸ் 2006-இல் வெளியிட்ட 'நாட் எ பாக்ஸ்' புத்தகத்தில் ஒரு முயல் அட்டைப்பெட்டியோடு இருக்கிறது. பெட்டிக்குள் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று முகம் தெரியாத யாரோ கேட்கிறார்கள். இது பெட்டி இல்லை என்கிறது முயல். பக்கத்தைத் திருப்பினால் அதே பெட்டி சிவப்புக் கோடுகளில் பந்தயக் கார் ஆகியிருக்கும். பெட்டியும் முயலும் கறுப்புக் கோட்டில், கற்பனை சிவப்புக் கோட்டில், இவ்வளவுதான் படம். எழுத்துத் தெரியாத குழந்தைக்கும் "இருப்பது இது, நினைப்பது அது" என்பது பார்த்த உடனே விளங்கிவிடும். கேள்வி கேட்பவர் பெரியவரின் குரலில் கேட்பதும், முயல் விட்டுக்கொடுக்காமல் மறுப்பதும் குழந்தைகளுக்கு அலாதி சந்தோஷம் தரும். அங்கே முயலாக மாறுவது அவ்வளவு சுலபம்.

இரண்டாவது வகையில் கதாநாயகனே உலகத்தை உண்டாக்குகிறான். குரோக்கெட் ஜான்சன் 1955-இல் எழுதி வரைந்த 'ஹெரால்ட் அண்ட் த பர்ப்பிள் கிரேயான்' இதற்கு நல்ல உதாரணம். ஒரு சின்னப் பையன், கையில் ஊதா நிறக் கிரேயான். நிலா வேண்டும், வரைகிறான். நடக்கப் பாதை வேண்டும், வரைகிறான். ஆப்பிள் மரத்துக்குக் காவலாக ஒரு டிராகனை வரைந்துவிட்டு அதைப் பார்த்து அவனே பயந்துபோகிறான். பயத்தில் நடுங்கிய கை அலைகளை வரைந்துவிட, கடலில் விழுகிறான். உடனே ஒரு படகை வரைந்து ஏறிக்கொள்கிறான். இந்த இடத்தை மட்டும் பல தடவை வாசித்துக் காட்டுங்கள். கற்பனை விளையாட்டு உள்ளுக்குள் எப்படி நடக்கிறது என்பதே அதில் இருக்கிறது: நானே உண்டாக்கினேன், அது என்னை மாட்டிவிட்டது, தப்பிக்க நானே வழி செய்தேன். கதை போகிற வழியைத் தீர்மானிக்கிறவர் தாமே என்று குழந்தைக்குப் புரிய இதைவிட நேரான பாதை எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, சொல்லும் படமும் வெவ்வேறு விஷயம் சொல்லும் புத்தகங்கள். பாட் ஹட்சின்ஸின் 'ரோஸிஸ் வாக்' (1968) மொத்தமே 32 ஆங்கிலச் சொற்கள், ஒரே வாக்கியம். ஒரு கோழி பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டு வீடு திரும்புகிறது என்பதோடு எழுத்து முடிந்துவிடும். பின்னால் பதுங்கிப் பதுங்கி வந்து ஒவ்வொரு பக்கத்திலும் அடி வாங்கும் நரியைப் பற்றி எழுத்தில் ஒரு வார்த்தை கிடையாது. வாசிக்கிற பெரியவர் சொல்லாத ஒன்றைக் குழந்தை கண்டுபிடிக்கிறது. கதையில் பாதி அதனுடையதாகிவிடுகிறது. மேலே ஏறு, கீழே நுழை, சுற்றி வா என்று கதை முழுக்க உடம்பால் செய்யக்கூடிய அசைவுகள் வேறு. நாலு நாற்காலி இருந்தால் போதும், பண்ணை தயார். புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது வினைச்சொற்களைக் கவனியுங்கள் என்று ஆசிரியர்களிடம் எப்போதும் சொல்வேன். ஒளிவது, துரத்துவது, கட்டுவது, தூங்குவது போல நடிப்பது, தொலைந்து திரும்புவது எல்லாம் விளையாட்டாக மாறும். வருந்தினான், உணர்ந்தான், திருந்தினான் என்று போகும் கதை மாறாது. அதில் குழந்தையின் கைகாலுக்கு வேலை இல்லை.

மாரிஸ் செண்டாக்கின் 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' (1963) பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் புத்தகத்தின் வடிவமே விளையாட்டைப் போல அமைந்திருக்கிறது. ஓநாய் உடை போட்டுக் குறும்பு செய்த பையனை அறைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அறை காடாக மாற மாற, பக்கத்தில் படம் பெரிதாகிக்கொண்டே போகிறது, எழுத்துக்கு இடம் குறைகிறது. பூதங்களோடு ஆட்டம் போடும் கட்டத்தில் மூன்று விரிபக்கங்களில் சொல்லே இல்லை. அந்தப் பக்கங்களில் பெரியவர் பேச ஒன்றுமில்லை; சத்தம் போடுவதும் குதிப்பதும் குழந்தையின் முறை. பல வகுப்புகளில் கதை கேட்பது அந்த இடத்தில் நின்று ஆட்டமாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் பையன் தன் அறைக்கே திரும்பி வருகிறான் என்பதும் முக்கியம். போன இடத்திலிருந்து திரும்பலாம் என்ற உறுதி இருந்தால்தான் குழந்தை தைரியமாகப் போகும்.

இந்தத் தலைப்புகள் கிடைக்கவில்லை என்றால் கவலை வேண்டாம். எந்த மொழியிலும், எந்த நூலகத்திலும், ஒரு பொருள் வேறாக மாறுவதோ, நாயகன் உலகை உண்டாக்குவதோ, படம் தனியாக ஒரு கதை சொல்வதோ இருக்கிற புத்தகம் ஒன்றாவது இருக்கும். சொல்லே இல்லாத படப் புத்தகங்களையும் தயங்காமல் எடுங்கள். எழுத்தில்லாத புத்தகத்துக்கு எதற்குச் செலவு என்று சிலர் நினைப்பதுண்டு. ஒவ்வொரு முறையும் குழந்தையே கதை சொல்ல வேண்டியிருப்பதுதான் அதன் பலமே.

தவிர்க்கச் சொல்வது பெரும்பாலும் பொத்தான் அழுத்தினால் சத்தம் போடுகிற, இழுத்தால் எழுந்து நிற்கிற புத்தகங்களை. 2010-இல் ஜூடி டிலோச்சும் அவர் குழுவினரும் 2, 3 வயதுக் குழந்தைகளிடம் பார்த்தபோது, இழுத்து விளையாடும் பாகங்கள் உள்ள புத்தகத்திலிருந்து அவர்கள் கற்றது, சாதாரணப் படங்கள் உள்ள புத்தகத்திலிருந்து கற்றதைவிடக் குறைவாக இருந்தது. கற்பதைத்தான் அவர்கள் அளந்தார்கள். பாவனை விளையாட்டைப் பொறுத்தவரை நான் சொல்லக்கூடியது வகுப்பு அனுபவம் மட்டுமே: சிங்கத்தின் கர்ஜனையைப் புத்தகமே போட்டுவிட்டால் குழந்தை கர்ஜிப்பதில்லை, பொத்தானை அழுத்துகிறது. ஆனாலும் ஒரு மடிப்பைத் தூக்கினால் உள்ளே ஒரு பூனை ஒளிந்திருக்கிறது என்பது போன்ற எளிய புத்தகங்களை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். ஒளிந்து பிடிக்கும் விளையாட்டே அங்கிருந்து வரும்.

வாசிக்கிற விதத்துக்கு வருவோம். வாசிப்பு நடக்கும்போது எழுத்து தெரியாத குழந்தையின் கண் எழுத்தில் ஏறக்குறைய நிற்பதே இல்லை, படத்தில்தான் இருக்கிறது. கண் அசைவைக் கருவியால் பதிவு செய்து 2005-இல் மேரி ஆன் எவன்ஸும் ஜான் செயின்ட்-ஆபினும் இதைக் காட்டினார்கள். நாம் எழுத்து முடிந்ததும் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். குழந்தை இன்னும் படத்தின் மூலையில் இருக்கும் நத்தையிடம் இருக்கும். திருப்புவதை அவள் கையிலேயே விட்டுவிடுங்கள். அடுத்தது, கேள்விகள். 1988-இல் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர், வாசிக்கும்போது "அது என்ன? அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டுக் குழந்தையைப் பேசவைக்கும் முறையைப் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு மாதத்திலேயே குழந்தைகளின் பேச்சில் முன்னேற்றம் தெரிந்தது. அதற்குப் பின் வந்த பல ஆய்வுகளும் பேச்சு வளர்ச்சிக்கு இது உதவுவதாகவே சொல்கின்றன. நல்ல முறை. ஆனால் நிறம் என்ன, எத்தனை இருக்கிறது, கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய் என்று கேட்டால் கதை பரீட்சையாகிவிடும். விளையாட்டுதான் நோக்கம் என்றால் ஒரே ஒரு வகைக் கேள்வி போதும்: "நீ அங்கே இருந்திருந்தால் எங்கே ஒளிந்திருப்பாய்?" பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, விட்டுவிடுங்கள்.

புத்தகத்தை மூடிய பிறகான அரை மணி நேரம்தான் பெரும்பாலும் வீணாகிறது. தூங்கப் போகுமுன் மட்டும் கதை வாசிக்கும் வீடுகளில் கதை தூக்கத்துக்கான சைகையாகிவிடுகிறது. விளையாட நேரம் எங்கே? பகலில், விளையாட்டுச் சாமான் இருக்கும் இடத்திலேயே, பின்னால் வேறு வேலை இல்லாத ஒரு நேரத்தில் வாசித்துப் பாருங்கள். கதைக்குப் பொருத்தமான ஒன்றிரண்டு பொருள்களை எதுவும் சொல்லாமல் பக்கத்தில் வைத்துவிடுங்கள். ஒரு போர்வை, ஒரு பெரிய பெட்டி, நீளமான கயிறு. ரஷ்ய உளவியலாளர் லெவ் விகோட்ஸ்கி 1933-இல் விளையாட்டைப் பற்றி ஆற்றிய உரையில் இதற்கு அருமையான விளக்கம் இருக்கிறது. குச்சி குதிரையாகலாம், ஆனால் ஒரு தபால் அட்டை குழந்தைக்குக் குதிரையாகாது என்கிறார். கால்களுக்கு இடையில் வைத்து ஓட முடிந்தால்தான் அது குதிரை. தோற்றம் ஒத்திருக்க வேண்டியதில்லை, செய்கைக்கு இடம் கொடுக்க வேண்டும். அந்தக் கதைக்கென்றே விற்கும் பொம்மையையும் உடையையும்விடப் போர்வை மேல் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். ராணி உடை ராணியாக மட்டுமே இருக்கும், போர்வை குகை, கடல், இறக்கை என எதுவும் ஆகும்.

நீங்களும் கொஞ்சம் சேர்ந்துகொள்ளலாம், சின்ன வேடத்தில். நரியைக் கண்டு பயப்படுகிற கோழி, படகில் ஏறும் பயணி, எதுவும் புரியாமல் கேள்வி கேட்கும் ஆள். கதையை வழிநடத்தும் வேடத்தை எடுக்காதீர்கள். "புத்தகத்தில் இப்படி இல்லையே" என்று மட்டும் திருத்திவிடாதீர்கள். நரியும் கோழியும் சேர்ந்து டாக்டரிடம் போனால் போகட்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வகப் பள்ளியில் பணியாற்றிய விவியன் பேலி என்ற ஆசிரியர், குழந்தைகள் சொல்லச் சொல்லக் கதையை எழுதிக்கொள்வார். பிறகு அதே கதையை வகுப்பு முழுவதும் சேர்ந்து நடிக்கும், கதை சொன்ன குழந்தை தனக்கு வேண்டிய வேடத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு குழந்தை இரண்டே வரி சொன்னாலும் அது கதைதான். வீட்டில் இதைச் செய்ய ஒரு காகிதமும் பேனாவும் போதும். அவள் சொன்னதை அப்படியே எழுதி, மறுநாள் மற்ற புத்தகங்களை வாசிப்பது போலவே மரியாதையாக வாசித்துக் காட்டுங்கள். பயிற்சிக்கு வரும் ஆசிரியர்கள் எல்லோரிடமும் இந்த ஒன்றையாவது செய்யச் சொல்லிக் கெஞ்சுகிறேன். கதை கேட்பவள் கதை சொல்பவளாகும் இடம் அது.

இப்போது சந்தேகத்துக்கு உரிய பகுதி. கற்பனை விளையாட்டு அறிவை வளர்க்கும், படைப்பாற்றலைக் கூட்டும் என்று புத்தக அட்டைகளிலேயே அச்சடிக்கிறார்கள். 1977-இல் எலி சால்ட்ஸும் அவருடன் இருந்தவர்களும் மழலையர் வகுப்புக் குழந்தைகளைக் கதைகளை நடிக்கவைத்து, சிந்தனைத் திறனிலும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதிலும் முன்னேற்றம் கண்டதாக எழுதினார்கள். அதை நம்பிப் பலர் பேசினார்கள். ஆனால் 2013-இல் ஏஞ்சலின் லில்லார்டும் மற்றவர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றாக வைத்துச் சலித்துப் பார்த்து, பாவனை விளையாட்டுதான் இந்த முன்னேற்றங்களுக்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது என்றார்கள். கூட ஒரு பெரியவர் கவனமாக நேரம் செலவழித்ததே காரணமாக இருக்கலாம். அளந்தவர்களுக்கே எந்தக் குழந்தை எந்தக் குழுவில் என்று தெரிந்திருந்ததும் முடிவைப் பாதித்திருக்கலாம். இதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட விரும்பவில்லை. அதே நேரத்தில், பயன் நிரூபிக்கப்பட வேண்டும் என்று காத்திருக்கும் விஷயமாக நான் இதைப் பார்ப்பதில்லை. நாலு வயதில் ஒரு பிள்ளை தன் உலகத்தைத் தானே கட்டி அதற்குள் வாழ்ந்து பார்ப்பது அந்த வயதின் வாழ்க்கை. அதற்கு இடம் கொடுக்க வேறு காரணம் தேவையில்லை.

பேசும் மிருகங்கள் குழந்தையைக் குழப்பாதா என்று கூடவே கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் குழப்பலாம். 2014-இல் பட்ரீசியா கனேயா குழுவினர், மிருகங்களை மனிதரைப் போலச் சித்தரிக்கும் புத்தகங்களைக் கேட்ட குழந்தைகள் நிஜ மிருகங்களுக்கும் மனிதத் தன்மைகளை அதிகம் ஏற்றிச் சொன்னதைக் கண்டார்கள். ஆகவே தவளையைப் பற்றி உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் நிஜத் தவளைகளைக் காட்டும் புத்தகம், தவளையாக மாறி விளையாட வேண்டுமென்றால் சட்டை போட்ட தவளை. இரண்டும் வீட்டில் இருக்கட்டும்.

கடைசியாக உங்கள் மகளைப் பற்றி. ஒரு குழந்தையை நேரில் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் புத்தகத்தை வைத்து விளையாடாததும் விளையாடவே செய்யாததும் ஒன்றில்லை. சிலர் எழுந்து நடிக்க மாட்டார்கள். இரண்டு கூழாங்கற்களை வைத்துக்கொண்டு மெல்லிய குரலில் பேசவைப்பார்கள், அல்லது வரைந்துகொண்டே கதை சொல்வார்கள். அதுவும் முழுமையான பாவனைதான். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-இல் திருத்திய வளர்ச்சிப் பட்டியலில், 30 மாதத்தில் ஒரு கட்டையை உணவாக நினைத்துப் பொம்மைக்கு ஊட்டுவது போன்ற பாவனையும், 4 வயதில் டீச்சராகவோ நாயாகவோ வேறு யாராகவோ நடித்து விளையாடுவதும் இருக்கின்றன. எங்குமே, எதை வைத்துமே இப்படி எதுவும் இல்லை, பேச்சிலோ மற்றவரோடு பழகுவதிலோ கூடத் தயக்கம் தெரிகிறது என்றால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் ஒரு முறை பேசுங்கள். இல்லையென்றால் ஒரு வாரம் அவள் தனியாக இருக்கும்போது தூர இருந்து கவனித்து, யாராக மாறுகிறாள், எந்தப் பொருளை எடுக்கிறாள் என்று இங்கே எழுதுங்கள். கட்டுகிறவளா, துரத்துகிறவளா, பொம்மையைப் பார்த்துக்கொள்கிறவளா என்று தெரிந்தால், அடுத்து எந்த மாதிரிப் புத்தகம் எடுக்கலாம் என்று திட்டமாகச் சொல்ல முடியும்.